கேபிள் முனையில் நான்கு சென்டிமீட்டர்

3 நவம்பர் 2025, திங்கள்

நெதர்லாந்தின் பசுமைக்குடில்களுக்கு எங்கள் மண் ஈர உணரியை அனுப்புவது உறுதியாகிவிட்டது. இரண்டு ஆண்டுகளாகப் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் அதே கருவி. ஆனால் இங்கே அது 865 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசுகிறது. அங்கே 868-இல் பேச வேண்டும். எண்ணை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. உண்மையான சிக்கல் வேறு: நாங்கள் பயன்படுத்தப்போகும் அலைப்பட்டையில் ஒரு கருவி ஒரு மணி நேரத்தில் ஒரு சதவீத நேரம்தான், அதாவது 36 நொடிகள்தான், ஒலிபரப்பலாம். எங்கள் கருவி நிமிடத்துக்கு ஒருமுறை செய்தி அனுப்புகிறது. அதிகத் தூரம் எட்டும் அமைப்பில் ஒரு செய்திக்கு ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகிறது. மணிக்கு 90 நொடி! ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றினேன். 18 நொடியில் அடங்கிவிட்டது. மண்ணின் ஈரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. முதலிலிருந்தே இப்படித்தான் வைத்திருக்க வேண்டும்.

மாலையில் விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு கேள்வி: "உள்ளே இருக்கும் ரேடியோ மாட்யூலுக்கு ஏற்கெனவே சான்று இருக்கிறதே, பிறகு ஐரோப்பாவுக்காக மறுபடி எதற்குச் சோதனைச் செலவு?" மாட்யூல் தனியாக மேசைமேல் இருந்தபோது வாங்கிய சான்று அது. எங்கள் பலகை, எங்கள் மின்வழங்கி, எங்கள் கேபிள் எல்லாம் சேர்ந்த பெட்டிக்குப் பொறுப்பு நாங்கள்தான் என்று விளக்கினேன்.

6 நவம்பர், வியாழன்

இரவு சேரன் எக்ஸ்பிரஸ். பெட்டியில் மூன்று கருவிகள், இடைவிடாமல் ஒலிபரப்பும் சோதனை மென்பொருள், உதிரி பேட்டரிகள், சாலிடரிங் அயர்ன்.

7 நவம்பர், வெள்ளி

சென்னைப் புறநகரில் ஓர் ஆய்வகம். கருவி வெளிவிடும் ரேடியோ அலைகளை அளக்கும் அறைக்குள் நுழைந்தவுடன் காது அடைத்துக்கொண்டது போலிருந்தது. சுவரெங்கும் கரிய நுரைக் கூம்புகள். ரேடியோ அலையை எதிரொலிக்க விடாமல் விழுங்குபவை, நம் குரலையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. நடுவில் சுழலும் மேசை, அதன்மேல் எங்கள் கருவி. மூன்று மீட்டர் தள்ளி ஆன்டெனா. மேசை மெதுவாக முழு வட்டம் சுற்றும். ஆன்டெனா ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நான்கு மீட்டர் வரை ஏறி இறங்கும். கிடையாக ஒருமுறை, செங்குத்தாக ஒருமுறை. கருவி எந்தப் பக்கம் எவ்வளவு கத்துகிறது என்பது ஒன்றும் மறையாது.

வீட்டுப் பயன்பாட்டு வகுப்பில், மூன்று மீட்டர் தூரத்தில், 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை கருவி வேண்டாமல் கசியவிடும் அலைக்கு வரம்பு 40 டெசிபல். திரையில் 48 மெகாஹெர்ட்ஸில் ஒரு முள் எழுந்தது: 46.2. அடுத்து 144-இல் இன்னொன்று: 42.7. ஆறு டெசிபல் என்றால் அனுமதித்ததைப் போல் இரு மடங்கு புலம். தொண்டை வறண்டுவிட்டது.

ஆய்வகப் பொறியாளர் பதறவில்லை. கேபிளில், கசியும் அலையை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையத்தை மாட்டினார், 42.1-க்கு இறங்கியது, போதவில்லை. "கேபிளையே கழற்றிப் பாருங்கள் சார்" என்றார். கழற்றினேன். முள் 30-க்கும் கீழே விழுந்துவிட்டது. செயலியின் கடிகாரம் 48 மெகாஹெர்ட்ஸ்; 144 அதன் மூன்று மடங்கு. உணரிக்குப் போகும் கேபிளின் நீளம் ஒன்றரை மீட்டர். 50 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டர். அதில் கால் பங்கு ஒன்றரை மீட்டர். நாங்களே அளவெடுத்து ஓர் ஆன்டெனா செய்து மாட்டியிருக்கிறோம்.

9 நவம்பர், ஞாயிறு

தூக்கமில்லை. கடந்த ஆண்டு நாங்களே அளந்தபோது இந்த முள் இல்லை. அந்தப் பழைய கருவியைத் தேடி எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்துத் திறந்தேன். பலகை ஒன்றே. கேபிளின் முனையில்தான் வேறுபாடு. பழையதில், கேபிளுக்குக் கவசமாகச் சுற்றியிருக்கும் செம்பு வலையை முழுச் சுற்றாக ஒரு உலோகக் கிளாம்ப் பிடித்திருந்தது. புதியதில் வலையை வால் போல் முறுக்கி, நான்கு சென்டிமீட்டர் கம்பியாக்கிப் பலகையில் சாலிடர் செய்திருந்தது. வேகமாக மாறும் மின்னோட்டத்தை எதிர்க்கும் குணம், அதாவது மின்தூண்டல், கம்பிக்கு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி. 40 நானோஹென்றி, 144 மெகாஹெர்ட்ஸில் 36 ஓம். சாதாரண மின்தடை மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்டும். அந்த அதிர்வெண்ணில் கவசம் பாதி அறுந்தது போல.

10 நவம்பர், திங்கள்

பொருத்துமிடத்தில் கருவிகளைப் பொருத்தும் அக்காவிடம் கேட்டேன். "கிளாம்ப் மாட்ட நேரம் ஆகிறது, வலையை முறுக்கிச் சாலிடர் செய்துவிடுங்கள் என்று நீங்கள்தானே தம்பி மார்ச்சில் சொன்னீர்கள்?" என்றார். அவர் நோட்டைப் புரட்டிக் காட்டினார், தேதியோடு இருந்தது. தவறு என்னுடையது, அவருடைய வேலையில் குறையில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

12 நவம்பர், புதன்

கிளாம்ப் திரும்பி வந்துவிட்டது. இன்று வேறொரு வேலை. இணையத்தோடு நேராகவோ வேறு கருவி வழியாகவோ பேசும் ரேடியோ கருவிகளுக்கு, ஐரோப்பாவில் 2025 ஆகஸ்ட் 1 முதல் இணையப் பாதுகாப்பும் கட்டாயம். கைப்பேசியோடு புளூடூத்தில் இணைக்க எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவு எண் வைத்திருந்தோம். இனி ஒவ்வொன்றுக்கும் தனி எண், முதல் நாளே பயனர் அதை மாற்றினால்தான் கருவி வேலை செய்யும். உள்ளூர் விவசாயிகளுக்கும் இதையே கொடுக்கப்போகிறேன். அவர்கள் தோட்டத்தை மட்டும் யாரோ திறக்கலாமா?

18 நவம்பர், செவ்வாய்

மறுபடி அதே கரிய அறை. 48-இல் 31.8. 144-இல் 33.0. ஃபெரைட் வளையமே இல்லாமல்! நிலைமின் அதிர்ச்சியைத் தாங்குகிறதா என்று பார்க்கும் துப்பாக்கியால் உலோகப் பகுதிகளில் 4 கிலோவோல்ட், பிளாஸ்டிக் இடைவெளிகளில் 8 கிலோவோல்ட் பாய்ச்சினார்கள்; கருவி அசையவில்லை. ஆய்வகப் பொறியாளர் கைகுலுக்கிவிட்டு, "இனி வருகிற எல்லாப் பெட்டியும் இப்படியே இருக்கட்டும் சார்" என்றார்.

21 நவம்பர், வெள்ளி

இணக்க உறுதிமொழியில் கையெழுத்திட்டேன். ஐரோப்பாவில் விற்கும் இத்தகைய பொருள்களில் இருக்க வேண்டிய சி.இ. குறி யாரோ கொடுக்கும் பட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் கருவிக்கு அதைப் போடுவது நாங்களே. இந்தப் பொருள் சட்டத்துக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளர் தன் பெயரில் சொல்லும் சொல் அது. குறியின் எழுத்து பொதுவாக ஐந்து மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் பெட்டிமேல் இருக்க வேண்டும். அதற்குச் சான்றான கோப்புகளைப் பத்து ஆண்டுகள் காக்க வேண்டும். அந்தக் கோப்பில் உள்ள படத்தில் கிளாம்ப் இருக்கிறது. மார்ச்சிலிருந்து கிளாம்ப் திரும்பி வரும்வரை நாங்கள் செய்த பெட்டிகளில் அது இல்லை. அவை எதுவும் கப்பலேறப் போவதில்லை. ஒவ்வொன்றையும் திறந்து கேபிள் முனையை மாற்றச் சொல்லிவிட்டேன்.

வேலைக் குறிப்பைத் தமிழில் எழுதிப் படத்தோடு பொருத்து மேசைக்கு மேல் ஒட்டினேன்: "செம்பு வலையை முறுக்கக்கூடாது. முழுச் சுற்றும் கிளாம்பின் பற்களுக்குள் இருக்க வேண்டும்." அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். "பற்கள் தெரியவில்லையே தம்பி. பக்கவாட்டிலிருந்து இன்னொரு படம் எடுங்கள்" என்றார். கேமராவை எடுக்க மாடிக்குப் போனேன்.