கொடுத்தவரையும் உட்காரச் சொல்லுங்கள்

டாக்டர் அறையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மருந்துக் கௌண்டரில் நம்பர் கூப்பிடக் காத்திருக்கும்போதுதான் நம் ஆட்களுக்குக் கேள்வியே வரும். "மிஸ்ஸி, பழைய கிட்னிய எடுத்துடுவாங்களா? புதுச எங்க வைப்பாங்க?" பழையவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும், புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைப்பார்கள் என்று சொன்னால், கூட வந்தவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

கோலாலம்பூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் உறுப்பு மாற்றுப் பிரிவில் பல வருடம் தாதியாக இருந்தேன். மாற்றிக்கொள்ளப் போகிறவர்களையும் ஏற்கெனவே மாற்றிக்கொண்டவர்களையும் சந்திக்க வைப்பது என் வேலைகளில் ஒன்று. கேட்பதற்குச் சுலபமாகத் தெரியும். ஆனால் யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பெற்றுக்கொள்கிறவர்களைச் சேர்ப்பதில் கஷ்டமில்லை. வாரத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மிஷினோடு கிடந்தவர்கள். தாகத்துக்கு ஐஸ்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்ட கதையை ஒருவர் ஆரம்பித்தால் போதும், அறை கலகலவென்று ஆகிவிடும். பிறகு கிரியாட்டினின் பேச்சு வரும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த எண், குறைவாக இருந்தால் நல்லது. பள்ளி முடிக்கும் எஸ்பிஎம் பரீட்சை ரிசல்ட் வந்த அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையின் 'ஏ'க்களை எண்ணுவது மாதிரிதான். ஒருவருக்கு 90, இன்னொருவருக்கு 140 என்றால் 140காரர் முகம் வாடிவிடும். உடம்புக்கு உடம்பு எண் மாறும், ஏறாமல் நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டேயிருப்பேன்.

செந்தூலிலிருந்து வரும் ஓர் அங்கிள், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரத்தப் பரிசோதனை நாளில் சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பா வைத்திருப்பார். உள்ளே அன்றைய காலை மாத்திரை. உடம்பு புதுக் கிட்னியை எதிர்க்காமல் அடக்கி வைக்கும் மருந்தான டாக்ரோலிமஸை 12 மணி நேர இடைவெளியில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை போட வேண்டும். அடுத்த வேளைக்கு முன் ரத்தத்தில் மருந்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்துத்தான் அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தால் எண் பொய்யாக ஏறி நிற்கும். அதை நம்பி டாக்டர் மருந்தைக் குறைத்தால், உடம்பு புதுக் கிட்னியை எதிர்க்கத் தொடங்கலாம். இந்த விளக்கம் அச்சடித்த தாளிலும் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. அங்கிள் டப்பாவை ஆட்டிக் காட்டி, "ரத்தம் குடுத்துட்டுத்தான் இது, அப்புறந்தான் ரொட்டி சானாய்" என்றால் மறப்பதில்லை. சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டார் அன்போடு கொடுக்கும் லிமாவ் பாலியை, அதாவது பம்பளிமாஸ் பழத்தை, வாங்கி யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அது மருந்தின் அளவை ஏற்றிவிடும் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

தைப்பூசம் நெருங்கினால் வேறு கேள்வி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் அலகு குத்திக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் உண்டு. எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் உடம்பில் ஊசி குத்துவதும், அந்தக் கூட்டத்தில் நெருக்கியடித்து நிற்பதும் ஆபத்து. டாக்டர் "கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார், வீட்டில் மாமியார் விடமாட்டார். ஒருமுறை அங்கிள்தான் பேசித் தீர்த்தார். "நான் முருகன்கிட்ட தவணை வாங்கியிருக்கேன்மா. அலகு வேணாம், உடம்பு நல்லா தேறின பிறகு சாதாரண நாள்ல காலையில பத்துமலைக்குப் போயி பால் குடுத்துட்டு வர்றேன்னு சொன்னேன். சரின்னுட்டாரு." 272 படியையும் அவர் ஏறுகிறார் என்று தெரிந்த பிறகு அந்த மாமியார் வாயைத் திறக்கவில்லை. நர்ஸிங் படிப்பில் இப்படிப் பேச யாரும் சொல்லித்தரவில்லை.

இதற்கும் எல்லை உண்டு. மாத்திரையைக் கூட்டுவது குறைப்பது, மிச்சமான மாத்திரையைக் கைமாற்றுவது, யாரோ கொடுத்த நாட்டு மருந்து, இதெல்லாம் அங்கே பேசக் கூடாது. காசு கொடுத்தால் ஆள் கிடைக்குமாமே என்ற பேச்சும் அப்படித்தான். உறவில்லாதவர் கொடுக்க முன்வந்தால், சுகாதார அமைச்சின் தனிக் குழு விசாரித்து அனுமதித்த பிறகே மேற்கொண்டு பேச்சு.

இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகம் நம் நாட்டில் மிகவும் குறைவு. அரசாங்கத்தின் மைசெஜாத்ரா சுகாதாரச் செயலியில் உறுப்பு தான உறுதிமொழி கொடுத்தவராக இருந்தாலும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. அதனால் எல்லார் கண்ணும் வீட்டுக்குள்தான் திரும்பும். அண்ணனா, மனைவியா, அம்மாவா?

என் ஆதங்கமும் இங்கேதான். கூட்டத்துக்குக் கொடுப்பவரும் வருவார், ஆனால் 'கூட வந்தவர்' என்ற கணக்கில் பின்னால் நிற்பார். அவரும் நல்ல உடம்போடு ஆபரேஷன் மேசையில் படுக்கப் போகிறவர். முதல் சில நாள் வலி பல நேரம் அவருக்குத்தான் அதிகம். ஆனால் பழக்கூடையெல்லாம் மற்றக் கட்டிலுக்குப் போகும்.

தம்பிக்குக் கொடுக்க வந்த ஒரு லோரி டிரைவர் நினைவுக்கு வருகிறார். எல்லாப் பரிசோதனையும் முடிந்தது, எதற்கும் கேள்வியே இல்லை. இவர் எதையோ விழுங்குகிறார் என்று எனக்குப் பட்டது. ஏற்கெனவே அக்காவுக்குக் கொடுத்த ஒருவரைக் கூப்பிட்டு, தம்பியை அனுப்பிவிட்டு, இருவரையும் கேண்டீனில் உட்கார வைத்தேன். தே தாரிக் ஆறும்வரை காற்பந்துதான் பேசினார்கள். அப்புறம் பெரியவர் சட்டையைத் தூக்கி அடிவயிற்றுத் தழும்பைக் காட்டினார். கையளவுகூட இல்லை. பக்கத்தில் லேப்ராஸ்கோப் என்ற கேமராக் குழாய் போன சின்னப் புள்ளிகள். டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, அந்த விஷயத்துல ஒண்ணும் கொறையாதே?"

"எனக்கு அதுக்கப்புறம்தான் சின்னவ பொறந்தா."

பிறகு மளமளவென்று கேள்விகள் வந்தன. ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது, அதுவரை முதலாளியிடம் எம்சியை, அதாவது மருத்துவ விடுப்பை, எப்படிப் பேசுவது, வலிமாத்திரையை இஷ்டத்துக்கு வாங்கிப் போடக் கூடாது. என்னிடம் இவர் பத்து வருடம் பழகியிருந்தாலும் முதல் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

1954ல் பாஸ்டனில் இரட்டையர் ஒருவருக்கு மற்றவர் கொடுத்ததுதான் நன்றாக நிலைத்த முதல் சிறுநீரக மாற்று. செய்த டாக்டர் ஜோசப் மர்ரிக்கு 1990ல் நோபல் பரிசு கிடைத்தது. கொடுத்த ரொனால்ட் ஹெரிக் 2010 வரை உயிரோடு இருந்தார். பயப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இந்த ரொனால்டின் கதையைத்தான்.

அம்மாமார் விஷயம் வேறு. நான் பார்த்தவரை கொடுப்பவர்களில் அவர்கள்தான் அதிகம், பயமும் கிடையாது. பிரச்சினை பிறகு வரும். மகன் எட்டு மணி மாத்திரையை எட்டரைக்குப் போட்டால் அம்மாவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். மகன் வெளியூர் போனால் அம்மா தூங்குவதில்லை. அப்படி ஒரு வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோன சமயத்தில், மகளுக்குக் கொடுத்த இன்னொரு அம்மா வந்து, "குடுத்தாச்சுல்ல? இனிமே அது ஒன் கிட்னி இல்ல, அவன் கிட்னி. நீ ஒன்னோடத பாரு" என்றார். கறாரான பேச்சு, ஆனால் அவர் சொன்னதால் எடுபட்டது. நான் சொல்லியிருந்தால் அந்த அம்மா எழுந்து போயிருப்பார்.

'ஒன்னோடத பாரு' என்பதில் வைத்தியமும் இருக்கிறது. கொடுத்தவர் வருடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்டால், மகனின் அப்பாயிண்ட்மெண்ட் கார்டு பத்திரமாக இருக்கும், சொந்தக் கார்டு எங்கே போனது என்று தெரியாது. பிறகு நாங்கள் முடிந்தவரை இரண்டு பேருக்கும் ஒரே நாளாகப் போட்டுக் கொடுத்தோம். மகன் காடியிலேயே அம்மாவும் வந்துவிடுவார். பார்க்கிங் காசு ஒன்றோடு முடிகிறது என்று மகன்களும் முணுமுணுக்காமல் கூட்டிவந்தார்கள்.