குளத்துப் பறவைகளுக்கு ஒரு தமிழ்த் தளம்: தேடலில் கிடைக்கச் செய்த வேலைகள்

நெல்லைப் பக்கத்துக் குளங்களிலும் முள்ளுக்காடுகளிலும் பார்த்த பறவைகளுக்காகத் தமிழில் ஒரு தளம் கட்டிக்கொண்டிருக்கிறேன். படங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. வேலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவையைப் பார்த்துவிட்டுப் போனில் தேடுகிற பள்ளிப் பிள்ளைக்கு, தமிழிலேயே ஒழுங்கான பதில் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் நிறம், வடிவமைப்பு எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, பக்கங்கள் தேடலில் சரியாக அகப்பட என்னென்ன வேண்டுமோ அதை முதலில் செய்தேன்.

பெயர்களில் இருந்து தொடங்கினேன். செண்பகம், செம்போத்து இரண்டும் ஒரே பறவை. கரிச்சானுக்கு இரட்டைவால் குருவி, வலியன் என்றும் பெயர் உண்டு. ஊருக்கு ஊர் வேறு பெயர் என்பதால், பெயருக்கு ஒரு பக்கம் என்று பிரித்துப் போடச் சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஒரே விஷயத்தைச் சொல்லும் பக்கங்கள் ஒன்றோடொன்று போட்டி போடும், எதுவும் மேலே வராது. ஒரு பறவைக்கு ஒரு பக்கம், அதில் எல்லாப் பெயரும் முதல் பத்தியிலேயே இயல்பாக வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பெயர்களை அடுக்கடுக்காகத் திணிப்பதில்லை. படிக்கிறவருக்கும் அது எரிச்சல், கூகுளும் அதை ஏமாற்று வேலையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

பெயரே தெரியாதவர்தான் அதிகம் தேடுவார் என்பதும் மனதில் இருந்தது. அதனால் செண்பகம் பக்கம் இப்படித் தொடங்குகிறது: "காக்கை அளவு, கருப்பு உடல், செம்பழுப்பு இறக்கை, சிவந்த கண்." தலைப்பிலும் 'முகப்பு' என்றோ 'பறவை 12' என்றோ இல்லாமல் பறவையின் பெயர் வருகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு.

அதிக நேரம் எடுத்தது எழுத்து வேலை. ஊரில் ஒரு அண்ணன் பல வருடமாகப் பறவைக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார், எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பவை வெறும் ஆங்கில எழுத்துகள். அப்படியே தளத்தில் ஏற்றினால் தேடுபொறிக்கு அது தமிழே இல்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றினேன். ஆனால் அதற்கப்புறமும் ஒரு சிக்கல் உண்டு. பாமினியில் ளகரத்துக்கும் ஔகாரத்தின் கடைசிக் குறிக்கும் ஒரே விசைதான். அதனால் 'கௌதாரி' என்பது 'கெளதாரி' என்று வந்து நிற்கும். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. கணினிக்கு வேறு வேறு. முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி, இரண்டாவதில் எகரக் குறியும் தனி ளகரமும். பிரௌசரில் பக்கத்துக்குள்ளேயே 'கௌதாரி' என்று தேடினால் இரண்டாவது அகப்படாது. வௌவாலும் ஔவையாரும் இணையத்தில் இப்படித் தவறான எழுத்தோடு ஏராளமாகக் கிடக்கின்றன.

இதை ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்று தோன்றும். 'கெள' என்று இருக்கும் இடமெல்லாம் 'கௌ' என்று மாற்றினால், நாரை தின்னும் கெளுத்தியும் கெளிறும் கெட்டுப்போகும். எனவே ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாமல் விடும்படி ஒரு சின்ன நிரல் எழுதினேன். வெள்ளை, தெளிவு, கெளுத்தி எல்லாம் பிழைத்தன. பிறகு ஒவ்வொரு குறிப்பையும் கண்ணால் படித்துச் சரிபார்த்தேன். தமிழில் தளம் கட்டுகிற யாருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். ஆங்கிலத் தளங்களுக்காக எழுதிய எஸ்இஓ (தேடலில் பக்கங்களை மேலே கொண்டுவரும் வேலை) குறிப்புகளில் இது இருக்காது.

பக்க முகவரி தமிழிலா ஆங்கில எழுத்திலா என்பது அடுத்த கேள்வி. கூகுளுக்கு இரண்டும் சரிதான். ஆனால் தமிழ் முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல சமயம் %E0%AE%95 என்பது போன்ற விழுக்காட்டுக் குறிகளாக விரிந்துவிடும். ஒவ்வொரு தமிழ் எழுத்தும், ஒவ்வொரு உயிர்க்குறியும் தனித்தனியே 9 எழுத்தாகிவிடும். 'கௌதாரி' மட்டும் 54 எழுத்து ஆகிறது. சிறிய ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு இடையே இணைப்புக்கோடு போட்டு வைத்துக்கொண்டேன். முகவரியைப் பின்னால் மாற்றினால் பழையதிலிருந்து 301 திருப்பம், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு, வைக்க வேண்டியிருக்கும். அதனால் இதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்வது நல்லது.

படங்களில் பெயரை எழுதி ஒட்டும் பழக்கம் பறவைப் படக்காரர்களிடம் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தேடலுக்கு அதை நம்பக் கூடாது. பெயரும் விளக்கமும் படத்துக்குக் கீழே எழுத்தாகவே இருக்கின்றன. படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் ஆல்ட் விவரத்தில் "பறவை படம்" என்று போடாமல் "கருவேல முள்ளில் அமர்ந்த கரிச்சான்" என்று போட்டேன். பார்வையற்றவர் திரைவாசிப்பானில் கேட்கும்போதும் அது பொருள் தரும். கேமராவில் வந்த பெரிய கோப்புகளை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தேன். முக்கியமான உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் திரையில் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. குளத்தங்கரையில் சிக்னல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது வெறும் மதிப்பெண் விஷயம் இல்லை. படிப்பவர் கீழே உருட்டி வரும்போதுதான் படத்தை ஏற்றும் சோம்பல் ஏற்றத்தை (lazy loading) முதல் படத்துக்கு மட்டும் வைக்கவில்லை. வைத்தால் அந்தப் படமே தாமதமாகும்.

மற்றவை சின்ன வேலைகள். பக்கத்தின் நிரலுக்குள் தேடல் சொற்களைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்ட்ஸ் எழுதவே இல்லை. வலைத் தேடலில் தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிடும் சைட்மேப்பில் திருத்திய தேதியை உண்மையாகப் போடுகிறேன். சோதனைத் தளத்தில் நோஇண்டெக்ஸ், அதாவது தேடலில் காட்டாதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு, இருக்கிறது. தளத்தைத் திறக்கும் நாளில் முதல் வேலை அதை எடுப்பது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நோஇண்டெக்ஸ் போட்ட பக்கத்தை தேடுபொறி எங்கெல்லாம் வரக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் (robots.txt) தடுக்கக் கூடாது. தடுத்தால் தேடுபொறி உள்ளே வந்து அந்தக் குறிப்பைப் படிக்கவே முடியாது, முகவரி மட்டும் தேடலில் தெரிந்துவிடலாம்.

படம் மட்டும் இருந்து எழுத ஒன்றும் இல்லாத பறவைகளை இப்போதைக்கு வெளியிடவில்லை. விக்கிப்பீடியாவில் இருப்பதை எடுத்து நிரப்ப மனமில்லை. எந்தக் குளம், எந்த மாதம், என்ன தின்றது என்று நாங்கள் பார்த்தது இருந்தால்தான் அது பக்கம். நாமக்கோழியும் முக்குளிப்பானும் தயார். நத்தைக்குத்தி நாரைக்கு அண்ணனின் நோட்டில் இரண்டு பக்கம் இருக்கிறதாம், வரும் ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வருகிறேன். தளம் திறந்த பிறகு, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் மக்கள் எந்தெந்தப் பெயரில் தேடி வருகிறார்கள் என்று பார்த்து, விட்டுப்போன ஊர்ப் பெயர்களைச் சேர்க்க வேண்டும்.