செவுளில் ரத்தம் வந்த மீன்

அந்த மீனைத் தண்ணீரில் விட்டது சரிதான். யாரிடம் சொன்னாலும் ஒத்துக்கொள்கிறார்கள். கூட வேலை பார்க்கும் பையன்கள் "இதில் யோசிக்க என்ன இருக்கிறது" என்கிறார்கள். நான் மீன்பிடி வழிகாட்டியாக வேலை பார்க்கும் விடுதியின் முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். அப்படியும், ராத்திரி ஃப்ளை (பூச்சி மாதிரி கொக்கியில் கட்டுகிற போலி இரை) கட்ட உட்கார்ந்தால் அந்தப் பேச்சு மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கிறது.

ஜூலைக் குளிர்காலத்தில் தென்னாப்பிரிக்காவின் ட்ராக்கன்ஸ்பர்க் மலையடிவாரம் எப்படி இருக்கும் என்று ட்ரவுட் மீன் பிடிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செப்டம்பர் 1 வரை ஆற்றில் ட்ரவுட் பிடிக்கத் தடை, டேம்தான் கதி. காலையில் தூண்டில் ராட் வளையங்களில் ஐஸ் கட்டிக்கொண்டு லைன் ஓடாது; ராட்டைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுக்க வேண்டும். கரையோரத்தில் விரல் பட்டாலே நொறுங்குகிற ஐஸ். பத்து மணி வெயிலுக்கு அதுவும் இருக்காது.

வந்தவர்கள் அப்பாவும் மகனும். டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்காரர்கள். மகன் இப்போது டொரன்டோவில் இருக்கிறார். கரையோர ஐஸை பூட்ஸால் மிதித்துப் பார்த்து, "இதுக்குப் பேர் ஐஸா?" என்று சிரித்தார். அப்புறம் குளிர்காலத்தில் உறைந்துபோகும் அங்கத்திய சிம்கோ ஏரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. எனக்கும் அது பிடித்திருந்தது. நான் ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடித்தவனில்லை, இந்த நாட்டில் அதற்கு வழியும் கிடையாது. தெளிவான ஐஸ் 10 சென்டிமீட்டராவது இருந்தால்தான் ஆள் நடக்கலாமாம். கழுத்தில் கைப்பிடி வைத்த இரண்டு குத்தூசி தொங்கும். உள்ளே விழுந்தால் அதைக் குத்தித்தான் மேலே ஏற வேண்டும். துளைபோட்டு, கை நீளம்கூட இல்லாத ராட்டில் நேராக இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மேலே எவ்வளவு உறைந்தாலும் அடித் தண்ணீர் 4 டிகிரிப் பக்கம் இருக்கும். அந்தச் சூட்டில்தான் தண்ணீருக்குக் கனம் அதிகம், அதனால் அது கீழேயே தங்கிவிடுகிறது. லேக் ட்ரவுட்டுக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. (பெயர்தான் ட்ரவுட், அது உண்மையில் சார் (char) என்கிற வேறு மீன் இனம். இதை நான் சொன்னதும் அவருக்கு முகம் சுருங்கியது.)

"பிடிச்சதை விட்டுடுவீங்களா?" என்று கேட்டேன்.

"எவ்வளவு எடுக்கலாம்னு இருக்கோ அவ்வளவு வீட்டுக்கு. மிச்சத்தை உடனே ஓட்டைக்குள்ள விட்டுடுவோம். ஐஸ் மேல போட்டுப் படம் எடுத்தா செவுள் உறைஞ்சிடும்."

சரியாகச் சொன்னார். இங்கேயும் உறைபனிக் காலைகளில் மீனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதற்காகத்தான். செவுளின் இழைகள் அவ்வளவு மெல்லியவை.

அப்பா இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நான் கட்டிக்கொடுத்த வூலி பக்கர் ஃப்ளையை எறிந்துவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க டர்பன் கடலில் ஷாட் என்கிற மீனைப் பிடித்த கை. ஒரு நாளைக்கு நாலு மீன், அக்டோபர் நவம்பரில் தொடவே கூடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஃப்ளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றும்போது லைனை அப்படியே விட்டுவிட்டார். ஃப்ளை அடியில் கிடந்தது, மீன் விழுங்கிவிட்டது. இழுத்துக்கொண்டே இருந்தால் தாடையில்தான் மாட்டும். கிடப்பில் விட்டால் இப்படி ஆகிவிடும். வலையில் வாங்கியபோது நல்ல பெட்டை ரெயின்போ ட்ரவுட், இரண்டு கிலோ தேறும், வயிறு முட்டச் சினை. கொக்கி செவுள் வளைவில் ஏறியிருந்தது. எதிர்முள் இல்லாத கொக்கி, சுலபமாகக் கழன்றது. ஆனால் அதோடு ரத்தம் வந்தது. நிறையவே வந்தது. வலைக்குள் தண்ணீர் சிவந்து, கலைந்து, மறுபடி சிவந்தது.

மகன் கனடாவில் சிலர் செவுளில் கோக் ஊற்றுவார்கள் என்றார். பைக் (pike) என்கிற மீன்களில் அதைச் சோதித்துப் பார்த்துப் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அந்த நேரத்தில் அதை நான் விளக்கிக்கொண்டிருந்தது இப்போது நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது.

பெரியவர் எழுந்து வந்து பார்த்தார்.

"தம்பி, இது பிழைக்காது."

"பார்க்கலாம், அங்கிள்."

"பார்க்க என்ன இருக்கு? எனக்குக் கொடு. சினையை மஞ்சள் தடவிப் பொரிச்சு, மீதியைப் புளி போட்டு வச்சா நாளைக்கு நல்லாருக்கும்."

"இங்க எல்லாத்தையும் திரும்ப விட்டுடணும், அங்கிள். ரூல்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்தார். "ரூலா? சரி தம்பி. ரூல் எனக்குப் பழக்கம்தான்."

இவ்வளவுதான் நடந்தது. கோபமில்லை, குத்தலுமில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார். மகன்தான் குனிந்து பூட்ஸ் கயிற்றைச் சரிசெய்தார், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அவர் வயதுக்காரர் ஒருவர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று டர்பனில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டாம். பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த 1953 சட்டம் 1990 வரை இருந்தது. எந்தக் கடற்கரையில் யார் கால் வைக்கலாம் என்று பலகை நட்டிருந்த ஊர். இந்த மலையடிவாரத்து ட்ரவுட் தண்ணீரெல்லாம் அப்போது நம்மவர்களுக்கு வேலியோடு சரி. அவரிடம் எத்தனையோ பேர் 'ரூல்' என்று சொல்லியிருப்பார்கள். தமிழில் சொன்ன முதல் ஆள் நானாக இருக்கலாம்.

ஒருவேளை அவர் அதையெல்லாம் நினைத்துச் சொல்லவே இல்லையோ என்னவோ. ஷாட் கணக்கை மனதில் வைத்து, விதியை மதிக்கத் தெரிந்தவன் நான் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். நான்தான் அதிகமாக ஏற்றிக்கொள்கிறேன் என்று மனைவி சொல்கிறாள்.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. ரத்தம் வந்த மீனை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தடவை விட்டால், அடுத்த வாரம் பிடிக்கிற மீனெல்லாம் ரத்தம் வந்த மீனாகத்தான் இருக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சாப்பிட ஆசைப்பட்டுச் செவுளுக்குள் விரலை விட்ட ஆளைப் பார்த்திருக்கிறேன். எது தற்செயல், எது வேண்டுமென்றே என்று கரையில் நின்று தீர்ப்புச் சொல்ல என்னால் ஆகாது. விதி இருப்பது அதற்குத்தான்.

ஆனால் அந்த விதி மீனுக்காகப் போட்டது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அதுவும் பொய்யாகிவிடும். இது குஞ்சுப் பண்ணையிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன். ஜல்லி அடித்தரையில் ஓடிவரும் ஓடை எதுவும் இந்த டேமில் கலக்கவில்லை, அந்தச் சினை குஞ்சாகப் போவதில்லை. உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், இல்லாவிட்டால் சினை அடைத்தே மீன் செத்துப்போகும். விதி எதற்கென்றால், விட்ட மீன் இன்னும் பெரிதாகும், இன்னொரு விருந்தாளி அதற்கும் பணம் கட்டுவார். இதைத் தப்பென்று சொல்லவில்லை, என் சம்பளமும் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் செத்துக்கொண்டிருக்கிற மீன் யாருக்கும் இன்னொரு தடவை பணம் கொண்டுவராது. அந்த இடத்தில் விதிக்கே காரணமில்லை, நான் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்னொன்றும் உண்டு. ட்ரவுட் இந்த மண்ணின் மீனே இல்லை. ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாகக் கப்பலேறி வந்து, 1890இல் மூயி, புஷ்மன்ஸ், உம்கேனி ஆறுகளில் குஞ்சாக விடப்பட்டது பிரவுன் ட்ரவுட். ரெயின்போ அதற்கும் பிறகு. இந்தியாவிலிருந்து நம்மவர்களை ஏற்றிய முதல் கப்பல் டர்பனுக்கு வந்தது 1860இல். அந்தக் கணக்கில் நாம் மூத்தவர்கள். ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் ட்ரவுட்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அரசுக்கும் தூண்டில்காரர்களுக்கும் பல வருஷமாக இழுபறி. இயற்கை ஆர்வலர் யாராவது அன்று அங்கே நின்றிருந்தால், கொன்று தின்னுங்கள் என்று பெரியவர் பக்கம்தான் பேசியிருப்பார்.

இத்தனையும் அன்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மீனின் முகத்தைத் தண்ணீருக்குள் நேராகப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றேன். விரல் மரத்துப்போனது. கொஞ்ச நேரத்தில் வால் அசைந்தது, வயிறு கீழே போய் முதுகு மேலே வந்தது, கையை விட்டு நழுவி ஆழத்துக்குப் போனது. "பார்த்தீங்களா அங்கிள்" என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. போகிற மீனெல்லாம் பிழைக்கிற மீன் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

மத்தியானம் சமையலறையில் பண்ணை ட்ரவுட் இருக்கிறது, இரண்டு கட்டித் தரட்டுமா என்று கேட்டேன். "வாங்கித் தின்ன டர்பன்ல மீன் இல்லையா, தம்பி?" என்றார். அதுவும் சிரித்துக்கொண்டேதான். சாயங்காலம் இன்னொரு ரெயின்போ, கருத்துப்போன ஆண், தாடை கொக்கியாக வளைந்தது. அதை அவரே விட்டார். கையை நனைத்துக்கொண்டு, வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, கொக்கியைக் கழற்றி, நான் காலையில் சொன்னதில் ஒன்றுகூட விடாமல் செய்தார். அவ்வளவு சுத்தமாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு முதலாளியிடம், இப்படி மீன் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். முதுகில் தட்டியது அப்போதுதான். தட்டிவிட்டு, "சாகப்போற மீன்னா நீயே முடிவு பண்ணிக்கோ, எங்கிட்ட வராதே" என்றார். இவ்வளவு எளிதாக அனுமதி கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதற்கப்புறமும் செவுளில் ரத்தத்தோடு மீன்கள் வந்தன. எல்லாவற்றையும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வேறொருவருக்கு எடுத்துக் கொடுத்தால், அன்று அவருக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இருக்காது.

மகன் அடுத்த ஜூலைக்கும் எழுதியிருக்கிறார், அப்பாவும் வருகிறாராம். வந்தால் கொடுக்கலாம்தான். ஆனால் அவர் கையில் இனிமேல் அப்படி ஒரு மீன் மாட்டாது. டீ ஊற்றுவதற்கு முன்னால் லைனைச் சுருட்டி வைத்துவிட வேண்டும் என்று அன்று மத்தியானமே கற்றுக்கொண்டுவிட்டார்.