வார்டுக்கும் வைவாவுக்கும் நடுவே

மார்ச் 4
மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு, அதாவது இந்தக் கணத்தில் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சி, இன்று தொடங்கியது. எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு நாள், இரண்டரை மணி நேரம். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஸின் ஆரம்பித்த அதே அமைப்பு. அன்று வந்தவர்களில் பலர் நாள்பட்ட வலியோடு இருந்த நோயாளிகள். இன்று வார்டுக்கும் வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்கும் நடுவே ஓடும் மருத்துவ மாணவர்கள் நாங்கள்.

படுத்துக்கொண்டு, கால்விரலில் தொடங்கித் தலைவரை உடலைக் கவனிக்கச் சொன்னார்கள். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். வார்டிலிருந்து நேராக வந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? பயிற்றுநர் யாரையும் எழுப்பவில்லை. அது எனக்குப் பிடித்தது.

மார்ச் 12
தினமும் 45 நிமிடம் வீட்டில் பயிற்சி செய்ய வேண்டும். வார்டு வேலை இருக்கும் போஸ்டிங் நாட்களில் நடக்கிற காரியமில்லை. பயிற்றுநரும் ஒப்புக்கொண்டார். "ஒவ்வொரு நோயாளிக்கு முன்னாலும் கை கழுவுகிறீர்கள் அல்லவா, அங்கே தொடங்குங்கள்" என்றார். தண்ணீரின் குளிர்ச்சி, விரலிடுக்கு, ஒரு மூச்சு. அவ்வளவுதான்.

இன்று ரவுண்ட்ஸில், நோயாளிகளைக் கட்டில் கட்டிலாகப் பார்த்து வரும்போது, எல்லார் முன்னாலும் திட்டு விழுந்தது. அடுத்த கட்டிலில் இருந்த பெரியவர் மூச்சுத்திணறலைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோதும் அந்தத் திட்டுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறது என்று கவனித்தேன். திட்டு நிற்கவில்லை, ஆனால் அவர் குரலும் கேட்க ஆரம்பித்தது. "படுத்தா அதிகமாகுதும்மா, ரெண்டு தலகாணி வெச்சா பரவாயில்ல." இதயச் செயலிழப்பை யோசிக்கவைக்கும் குறிப்பே அந்த இரண்டு தலையணையில்தான் இருக்கிறது. இந்தப் பயிற்சி எதற்கு என்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

மார்ச் 27
2016இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வைப் படித்தேன். பல நாட்டு மருத்துவ மாணவர்களில் 27.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அல்லது அதன் அறிகுறிகள். 11.1 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம். மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தவர்களில் சிகிச்சை தேடிப் போனவர்கள் 15.7 சதவீதம்தான். மற்றதைவிட இந்தக் கடைசி எண்தான் என்னை உலுக்குகிறது. நோயைப் படிக்கிறவர்களே நோயை ஒளிக்கிறோம். பேராசிரியருக்குத் தெரிந்துவிடுமோ, பின்னால் வேலைக்கு இடைஞ்சலாகுமோ என்ற பயம்.

ஏப்ரல் 9
கண்ணை மூடினாலே பழைய பயங்கள் எழுகின்றன என்றாள் தோழி. பயிற்றுநர் கண்ணைத் திறந்தபடியே, தரையில் பதிந்த பாதங்களை மட்டும் கவனிக்கச் சொன்னார். அப்புறம் தனியாக அழைத்துப் பேசி, மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். "தியானம் பண்ணு, எல்லாம் சரியாகிவிடும்" என்று அனுப்பியிருந்தால் அது அநியாயம்.

நார்வேயில் 288 மருத்துவ, உளவியல் மாணவர்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பயிற்சி எடுத்தவர்களுக்கு மன உளைச்சல் குறைந்தது, முக்கியமாக மாணவிகளுக்கு. ஆனால் மருத்துவ மாணவர்களையும் இளம் மருத்துவர்களையும் பற்றிய 2021 அலசலோ (ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு செய்தது), கிடைத்த 10 ஆய்வுகளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறது. இரண்டையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். எனக்கு உதவுகிறது என்பதற்காக எல்லாருக்கும் மருந்தாக நீட்ட முடியாது.

ஏப்ரல் 22
கடைசி வகுப்பு. கருத்துப் படிவத்தில் எழுதியவை: அடுத்த குழுவுக்கு வகுப்பை வேலை நேரத்துக்குள் வையுங்கள், வருகைப் பதிவு வேண்டாம். இரவு டியூட்டியைக் குறைக்காமல் இதை மட்டும் நடத்தினால், களைப்புக்கு மாணவர்களையே பொறுப்பாக்குவதாகிவிடும். ஆலோசகரின் எண்ணை முதல் நாளே எல்லாருக்கும் கொடுங்கள்.

வியாழக்கிழமை தோழிக்கு மருத்துவரிடம் இரண்டாவது சந்திப்பு. அன்றைய வார்டு கேஸ்களை நான் எழுதி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.