ஒரு பாரம்பரிய வளாகத்துக்கு மேலாண்மைத் திட்டம் எழுதிய அனுபவம்

பழைய கற்கட்டட வளாகம் ஒன்றுக்கு மேலாண்மைத் திட்டம் தயாரித்த குழுவில் நானும் இருந்தேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதல் கூட்டத்தில் எதை இடித்துக் கட்டுவது, எவ்வளவு செலவாகும் என்றுதான் பேச்சு ஓடியது. குழுத் தலைவர் அதை நிறுத்திவிட்டு, பாரம்பரிய இடங்களைப் பாதுகாப்பதற்கான வழிகாட்டியாக ஆஸ்திரேலியாவில் 1979-இல் உருவான புர்ரா சாசனத்தை எடுத்து வைத்தார். இடம் ஏன் முக்கியம் என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும், அப்புறம் கொள்கை, அதன் பிறகுதான் நிர்வாகம் என்பது அதன் வரிசை. இந்த வரிசையை யாருக்காகவும் மாற்றாதீர்கள். 'ஏன் முக்கியம்' என்ற இரண்டு பக்கத்தை எழுதத்தான் எங்களுக்கு அதிக நாள் பிடித்தது. கட்டடக் கலைஞர்கள் தூண்களைச் சொன்னார்கள். அங்கே தினமும் வந்து உட்காருகிறவர்களுக்கோ நடுமுற்றம்தான் எல்லாம். அதை எழுத்தில் பதிந்த பிறகு, முற்றத்துக்கு வேலி போடும் யோசனையை யாரும் திரும்ப எடுக்கவில்லை.

அடுத்து நிலை ஆய்வு, அதாவது கட்டடம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது. வடக்குச் சுவரின் அடியில் ஓதம் ஏறி, உப்புப் பூத்திருந்தது. எப்போதோ கல் இடுக்குகளில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். சிமென்ட் அப்படியே நிற்க, அதைச் சுற்றியிருந்த கல் விரலால் தொட்டாலே மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. அதனால் ஈரம் கல் வழியாகவே வெளியேறி, உப்பு அங்கேயே படிகமாகிக் கல்லை உடைக்கிறது. கிரேக்கத்தின் பழங்காலக் கோயில் குன்றான ஏதென்ஸ் அக்ரோபோலிசிலும், பழுதுபார்த்தபோது நல்லெண்ணத்தோடு வைத்த இரும்புப் பிடிகள்தான் துருப்பிடித்துப் பருத்துப் பளிங்கைப் பிளந்தன. பின்னாளில் டைட்டானியம் வைத்து மாற்ற வேண்டியதாயிற்று.

சரி, ஈரம் எங்கிருந்து வருகிறது? ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தோம். மேல்தளத் தூம்பு சருகு அடைத்து, தண்ணீர் முழுவதும் அந்தச் சுவரில்தான் வழிந்துகொண்டிருந்தது. தூம்பைச் சுத்தம் செய்யாமல் சுவரைத் தொட்டிருந்தால் செலவழித்த காசு வீண். விரிசல்களின் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒட்டி வைத்தோம். பட்டை உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள்.

எத்தனை பார்வையாளர்களை அனுமதிப்பது என்பதில்தான் சண்டை வந்தது. பிரான்சின் லாஸ்கோ குகையில் வந்தவர்களின் மூச்சுக்காற்றும் ஈரமும் வரலாற்றுக்கு முந்தைய ஓவியங்களைக் கெடுக்க, 1963-இல் பொதுமக்களுக்கு மூட வேண்டிவந்தது. ஆனாலும் ஒரே எண்ணை எழுதி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. படிக்கட்டுத் தேய்மானம், ஓவிய அறையின் ஈரப்பதம் போன்றவற்றைத் தொடர்ந்து அளந்து, குறித்த எல்லையைத் தாண்டினால் அனுமதியைக் குறைப்பது என்று கடைசியில் முடிவானது.

மிகவும் போராடியது பராமரிப்பு அட்டவணைக்கு. புனரமைப்புக்கு நன்கொடை கிடைத்துவிடுகிறது, தூம்பு சுத்தம் செய்ய யாரும் தருவதில்லை. அதனால் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு மட்டும் என்று திட்டத்திலேயே ஒதுக்கச் சொன்னோம். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே பொறுப்பாளரின் பதவி, செய்ய வேண்டிய மாதம், பணம் வரும் தலைப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றோம். இந்த வேலைகளைக் குறிக்கும் பதிவேடு அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கக் கூடாது, காவலர் அறையில் இருக்கட்டும் என்றார் அங்கே நெடுநாளாக வேலை பார்ப்பவர். அதையும் சேர்த்துத்தான் திட்டத்தை ஒப்படைத்தோம்.