மேல் சட்ஜத்துக்கு ஏறாத ராகங்கள்

பன்னிரண்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் சம்பளம் பத்து ரூபாவும் ஒரு சோடாவும். வேலை, சுருதிப்பெட்டி அமுக்குவது.

இணுவிலில் எங்கள் ஒழுங்கையின் மூலை வீட்டில் நாதஸ்வரக்காரர் ஒருவர் இருந்தார். சொந்தமில்லை, ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வருடத் திருவிழாவில் அவருக்கு வழக்கமாகச் சுருதி போடுகிற பெடியனுக்குக் காய்ச்சல். 1993ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் கரண்ட் போய் மூன்று வருடமாகியிருந்தது. துருத்தி வைத்த மரப்பெட்டியைக் கையால்தான் அமுக்க வேண்டும். "நீ வயலின் பழகுறாய்தானே, சுருதி எண்டா என்னெண்டு தெரியும், வா" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். முந்திய காலத்தில் இந்த வேலைக்கு ஒத்து என்ற குழலை ஊத ஒருவர் நிற்பாராம். மற்றவருக்கு ஆமாம் போடுகிறவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்று திட்டுகிறோமே, அந்த ஒத்துதான்.

அன்று இரவு முழுக்க அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றதால், முன்னால் இருந்து கேட்பவர்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் தெரிந்தன. குழலின் தலையில் இருந்து சீவாளிகள், வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டுகள், கொத்தாக நூலில் தொங்கும். ஒன்றை எடுத்து வாயில் வைத்து எச்சிலில் ஊறவிட்டு, நுனியை விரலால் மெல்ல அமுக்கி, பீ என்று ஒருமுறை ஊதிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் அடுத்தது. பக்கத்தில் தவில்காரர், பசையும் துணியும் சேர்த்துக் காயவைத்த கூடுகளை விரல் விரலாக மாட்டிக்கொண்டிருப்பார். வலக்கை விரல்களுக்கு மாட்டி, இடக்கையில் தடியையும் பிடித்த பிறகு அவரால் தன் மூக்கைக்கூடச் சொறிய முடியாது. ஒருமுறை என்னைத்தான் சொறியச் சொன்னார்.

சாமி வெளிக்கிட்டதும் மல்லாரி. கம்பீர நாட்டை ராகத்தில், ஒரு சொல்லும் இல்லாத வெறும் நாதம். பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் சனம் கையெடுத்துக் கும்பிட்டபடி பின்னால் வந்தது. வடக்கு வீதியில் சாமியை நிறுத்திவிட்டு ராக ஆலாபனை. விடியும் மட்டும் போனது. கடைசியில் எனக்குக் கை விறைத்துவிட்டது.

அடுத்த நாள் தேர். அதே மாமா, அதே குழல், இப்போது வெயிலில் காவடிக்கு முன்னால். இரவு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தவர் இப்போது காவடிக்காரரின் காலையே பார்த்துக்கொண்டு வாசிக்கிறார். தவில் ‘தகிட தகிட’ என்று மும்மூன்றாகத் திஸ்ரத்தில் ஓடுகிறது. ஆடுகிறவர் களைத்தால் கீழ் ஸ்வரங்களில் இறங்கி நின்று கொஞ்சம் ஆறவிடுவார். உரு ஏறினால் இவரும் ஏற்றுவார். நடுவில், ஆடுகிறவர் மூச்சு வாங்குகிற அந்த இடைவெளியில், இரவு வாசித்த ஆலாபனையில் இருந்து கிள்ளி எடுத்தது போல ஒரு சின்னப் பிடி வந்து விழும். தவில்காரர் மட்டும் தலையாட்டுவார். எனக்கும் ஆட்ட வேண்டும் போல இருந்தது. ஆட்டினால் பெட்டி ஆடும் என்று அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் வீட்டுக்கு வந்து, அவர் காவடிக்கு வாசித்த அந்தச் செஞ்சுருட்டி ராகக் காவடிச் சிந்தை வயலினில் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு கிழமையில் ஓரளவு பிடிபட்டது. வகுப்பில் வாசித்துக் காட்டினேன். எனக்குக் கற்பித்தவர் வில்லை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "தெருவில வாசிக்கிறதெல்லாம் இதில வேண்டாம். சோதினைக்குரியதைப் படி" என்றார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. சோதினைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. என்றாலும் முகம் தொங்கிப் போய், நேரே மூலை வீட்டுக்குத்தான் போனேன்.

மாமா சிரித்தார். "செஞ்சுருட்டிக்கு ஆரோகணம் சொல்லு பாப்பம்."

ராகம் ஏறுகிற ஸ்வர வரிசையைத்தான் கேட்டார். சொன்னேன். கீழ்த் தைவதத்தில் தொடங்கி, தசரிகமபதநி.

"பிறகு?"

"பிறகு திரும்பி வரும். நிதபமகரிசநிதபதச."

"ஏன் மேல் சட்ஜத்தை, அந்த மேல் 'ச'வைத் தொடேல்லை?"

தெரியவில்லை. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

"தோட்டத்தில துலா மிதிக்கிறவன் எவ்வளவு உயரத்துக்குப் பாடுவான்? மிதிக்கவும் வேணும், மூச்சும் விட வேணும். அவன்ரை குரலுக்கு எட்டின உயரம்தான் இந்த ராகத்துக்கும் உயரம். இனி நாதநாமக்கிரியையைப் பார், குறிஞ்சியைப் பார், நவரோசைப் பார்."

பார்த்தேன். நாதநாமக்கிரியை நிஷாதத்தோடும், குறிஞ்சி அதற்கும் கீழே தைவதத்தோடும் திரும்பிவிடுகின்றன. தாலாட்டுக்கு எடுக்கிற நவரோஸ் கீழ்ப் பஞ்சமத்தில் இருந்து நடுப் பஞ்சமம் வரை, அவ்வளவுதான். மகுடி வாசிக்கிற புன்னாகவராளியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். நி, த, ப என்று எந்த ஸ்வரத்தோடு ஏற்றம் முடிகிறதோ அதை வைத்து, நிஷாதாந்தியம், தைவதாந்தியம், பஞ்சமாந்தியம் என்று இவற்றுக்கு இலக்கணத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் சோதினைக்கு மனப்பாடம் செய்த சொற்கள். மூன்றும் பாட்டுக்காரர்களின் தொண்டை அளவு என்று அன்றுதான் விளங்கியது. வெளிவீதியில் இருந்தவர்கள் எந்தக் காலத்திலோ உள்வீதிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள்தான் கதவடியில் நின்று பெயர் கேட்கிறோம்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தெட்சணாமூர்த்தியின் கசெட் ஒன்று இருந்தது. இணுவில் விசுவலிங்கத்தின் மகன், அளவெட்டியில் வாழ்ந்தவர், தவில் மேதை (1933–1975). பற்றரி கிடைக்காத காலம். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, அண்ணா பெடலை மிதிக்க, டைனமோவில் இருந்து வயர் இழுத்துக் கேட்போம். அண்ணா களைத்தால் சுருதி இறங்கும், காலமும் இறங்கும். மேதையின் தனியாவர்த்தனம் எருமை நடை நடக்கும். நான் கத்த, அண்ணா எழும்பி நின்று மிதிப்பார். அந்த வாசிப்பின் உண்மையான வேகம் என்ன என்று, கரண்ட் வந்து பல வருடத்துக்குப் பிறகுதான் கேட்டேன். நாங்கள் கேட்டுப் பழகியதைவிட வேகம். அண்ணாவுக்குச் சொன்னபோது கோபித்துக்கொண்டார்.

இப்போது மேடைகளில் கிராமிய மெட்டையும் கர்நாடக இசையையும் கலக்கிறோம் என்கிறார்கள். நல்லதுதான், பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். எனக்குள்ள ஒரே வழக்கு கீபோர்டோடுதான். செஞ்சுருட்டியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்காது, மத்திமத்தைத் தொட்டுத் தொட்டு ஆடும். நாதஸ்வரத்தில் துளையை எவ்வளவு மூடுகிறோம், காற்றை எவ்வளவு விடுகிறோம் என்பதிலேயே அந்த ஆட்டம் வந்துவிடும். வயலினில் விரலை வழுக்கினால் போதும். கீபோர்டில் கட்டையை அமுக்கினால் ஸ்வரம் ஆணி அடித்தது போல நிற்கிறது. அதற்கு மேல் நாதஸ்வரக்காரர் என்னதான் ஆட்டினாலும் சண்டை பிடிப்பது போல இருக்கிறது.

மாமா இப்போது இல்லை. போன வருடம் காங்கேசன்துறை வீதியில், மருதனார்மடத்தடியில், ஒரு தூக்குக் காவடி உழவு மெஷினில் வந்தது. பின்னால் ஜெனறேற்றர், முன்னால் நாதஸ்வரம். ஊதியவனுக்குப் பதினெட்டு இருக்கும். சுருதி அவனுடைய சட்டைப்பையில் இருந்த போனில் ஓடியது. இரண்டு சினிமாப் பாட்டு வாசித்தான். பிறகு சீவாளியை மாற்றி, பீ என்று ஒருமுறை ஊதிப் பார்த்து, செஞ்சுருட்டியைப் பிடித்தான். நிஷாதம் வரை போய்த் திரும்பினான்.

பக்கத்தில் நின்ற மகள் என்னைப் பார்த்து, "அப்பா, கை நோகுதா?" என்றாள். குனிந்து பார்த்தேன். என் வலது கை மடங்கி விரிந்து மடங்கிக்கொண்டிருந்தது.