தாரமங்கலம் தூண்ல நிக்கிற வாலி

சேலம் வர்றவங்க முக்காவாசிப் பேர் நேரா ஏற்காடு பஸ் ஏறிடுறாங்க, எனக்கு அதுல வருத்தம்தான், ஏன்னா ஓமலூர் தாண்டி சங்ககிரி ரோட்ல தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் இருக்கு, மதுரை நாயக்கர் காலத்துல இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிங்க கட்டினது. மேற்கு பாத்த கோயில். ராஜகோபுரமே யானையும் குதிரையும் இழுக்குற தேர் மாதிரி இருக்கும். யாளி வாயில உருளுற கல் உருண்டைகிட்ட எப்பவும் ஒரு கூட்டம் விரலை விட்டுப் பாத்துட்டு இருக்கும்.

நான் போனது வாலிக்காக. ஒரு தூண்ல வாலியும் சுக்ரீவனும் மல்லுக்கட்டுறாங்க, தள்ளி இன்னொரு தூண்ல ராமன் வில்லோட நிக்கிறார். அங்க உக்காந்திருந்த ஒரு பெரியவர், "இங்க வந்து நில்லு கண்ணு, ராமர் தெரியுறாரா?"ன்னார். தெரியல. எட்டிப் பாத்தேன், அப்பவும் தெரியல. ராமர் தூண்கிட்ட போய் திரும்பினா வாலி நல்லாவே தெரியுறான்! மறைஞ்சு நின்னு அடிச்சதை ஒரு சிற்பி கல்லுலயே கணக்குப் போட்டு வெச்சிருக்கான், எனக்கு சிலிர்த்துடுச்சு.

கம்பர் பாடின வாலிதான் என்னைப் பொறுத்தவரை ராஜான்னா ராஜா. சண்டைக்குப் போகாதீங்க, சுக்ரீவனுக்குத் துணையா ராமன் வந்திருக்கான்னு வாலி பொண்டாட்டி தாரை தடுக்குறா, அதுக்கு வாலி, தம்பிங்கதான் உயிருன்னு இருக்குறவன் அண்ணன் தம்பி சண்டையில நடுவுல வந்து அம்பு விடுவானான்னு கேக்குறான், எதிரி பக்கம் நிக்கிறவனை அவ்வளவு நம்புறான் பாருங்க. அம்பு நெஞ்சுல பாஞ்சதும் கையாலயும் வாலாலயும் இறுக்கிப் பிடிச்சு நிறுத்தி அதுல இருக்குற பேரைப் பாக்குறான், ராமன்னு இருக்கு. நியாயம் கேட்டு வெளுத்து வாங்குறான், அதுவும் சரி. ஆனா சாகுற நேரத்துல அவன் கேக்குற வரம்தான் எனக்கு தாங்கவே முடியாது: என் தம்பி கள்ளு குடிச்சு புத்தி மாறி ஏதாச்சும் தப்பு பண்ணினா, என் மேல விட்ட அம்பை அவன் மேல விட்டுடாதேங்குறான். தன்னைக் கொல்ல ஆள் கூட்டிட்டு வந்த தம்பிக்காக!

போறவங்க யாளி உருண்டையை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல வாலி பக்கம் போய் நில்லுங்க, அதுக்கப்புறம் ராமர் பக்கம். மதியம் நடை சாத்திடுவாங்க, காலையிலயே போயிடுங்க.